ரெண்டு விண்டோ, ஒரு பில்: ஜாவா ஸ்விங்ல ஒரு விண்டோவுல நடக்குறது இன்னொண்ணுக்கு எப்படித் தெரியும்? அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் கம்பத்துல இருக்கேன், போடி, குமுளி பக்கம் இருக்குற ஏலக்காய் கடைகளுக்கு ஜாவால பில் போடுற சாஃப்ட்வேர் எழுதிக் குடுக்குறது பொழப்பு. வெப்ல எழுதலாமேன்னு கேப்பீங்க, மெட்டு (மலைப்பாதை) ஏறுனா டவரே கெடைக்காத எடத்துல கடை இருக்குங்க, அதனால டெஸ்க்டாப்தான், அதுக்கு ஜாவாகூடவே வர்ற, விண்டோ, பட்டன் எல்லாம் போடுற லைப்ரரி ஸ்விங். நான் எழுதுனதுல முக்கியமா மூணு விண்டோ: பில் விண்டோ, பார்ட்டி (சரக்கு வாங்குறவர்) தேடுற விண்டோ, தராசுல இருந்து எடை வாங்குற விண்டோ. இந்த மூணையும் ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கத்தான் நான் பட்ட பாடெல்லாம். காலேஜ் பசங்க, புதுசா வேலைக்கு வந்த தம்பிங்க எல்லாரும் இதையேதான் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க, அதான் ஒரே எடத்துல எழுதி வச்சுட்டேன். கோடா ஒட்டாம பேச்சாவே சொல்றேன், கோடு நீங்களே எழுதுனாத்தான் கைக்கு வரும்.

கேள்வி: ரெண்டாவது விண்டோவுல ஓகே அமுக்குனா மெயின் விண்டோவுல பேரு மாறணும். மெயின் ஃப்ரேம்னு நியூ போட்டு, பேர மாத்துற செட்டர் மெத்தட கூப்பிட்டேன், எர்ரரும் வரல, பேரும் மாறல. ஏன்?

இதுக்கு எனக்கு இதுவரைக்கும் எத்தன போன் வந்துருக்குன்னு கணக்கே இல்ல. நியூ போட்டீங்கன்னா புதுசா இன்னொரு மெயின் ஃப்ரேம் மெமரில பொறக்குது, அதுக்கு செட்விசிபிள் போடாததால கண்ணுக்குத் தெரியாம உக்காந்துருக்கு, நீங்க மாத்துன பேரு அதுக்குள்ளதான் போயிருக்கு. அடுத்த தெருவுல நம்ம வீடு மாதிரியே ஒண்ணு கட்டி அதுக்கு வெள்ளையடிச்சுட்டு நம்ம வீட்டுச் செவுரு ஏன் மாறலன்னு கேட்டா எப்படி? ஸ்க்ரீன்ல ஏற்கனவே தெரியுதே, அந்த ஆப்ஜெக்ட்டோட ரெஃபரன்ஸ்தான், அதாவது அதோட விலாசந்தான் வேணும்.

கேள்வி: அப்ப ஸ்டாட்டிக் போட்டுரலாமா? போட்டா வேலை செய்யுதே.

செய்யும், ஒரு விண்டோ இருக்குற வரைக்கும். நானும் மொத தடவை அப்படித்தான் செஞ்சேன். ஒரு கடைல மொத பில்லுக்கு மூட்டை இன்னும் எறங்கிட்டு இருக்கு, அதுக்குள்ள அடுத்த பார்ட்டி வந்து நிக்கிறாரு, சரி ரெண்டு பில் விண்டோ ஒண்ணா தொறக்குற மாதிரி குடுப்பான்னு கேட்டாங்க, குடுத்தேன். ரெண்டாவது பில்லுல பார்ட்டி பேரு போட்டதும் மொத பில்லும் அவரு பேருக்கே மாறிப் போச்சு. ஸ்டாட்டிக்னா கிளாஸுக்கே ஒண்ணுதான, எத்தன விண்டோ தொறந்தாலும் எல்லாத்துக்கும் அதே ஒண்ணுதான். அன்னைக்கு ராத்திரியே எல்லா ஸ்டாட்டிக்கையும் புடுங்கிப் போட்டேன்.

கேள்வி: கன்ஸ்ட்ரக்டர்ல மெயின் ஃப்ரேம அனுப்பி வச்சா?

சின்ன ப்ராஜெக்ட்டுக்கு அது தப்பே இல்ல, நல்லாவே ஓடும். பார்ட்டி விண்டோவ உண்டாக்கும்போது திஸ்-ஸ (பில் விண்டோ தன்னையே) குடுத்துட்டா உள்ள இருந்து நேரா கூப்பிடலாம். ஆனா பார்ட்டி விண்டோவுக்கு பில் விண்டோவத் தவிர ஒண்ணும் தெரியாம போயிரும். எனக்கு ஆறு மாசம் கழிச்சு அதே பார்ட்டி தேடுற விண்டோ சரக்கு இருப்பு பாக்குற விண்டோவுக்கும் வேணும்னு ஆச்சு, அப்ப அத அப்படியே காப்பி அடிச்சு பேரு மாத்துனேன், அப்புறம் ஒரு பக் வந்தா ரெண்டு எடத்துல திருத்து, ஒண்ண மறந்துரு, திட்டு வாங்கு. பார்ட்டி விண்டோவுக்கு யாரு தன்னக் கூப்பிட்டாங்கன்னு தெரியவே கூடாது, ஒரு பேர தேர்ந்தெடுத்துட்டாங்கன்னு சத்தம் போட்டாப் போதும், வேணுங்கறவன் கேட்டுக்கட்டும். அதுக்குப் பேருதான் லிசனர்.

கேள்வி: முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, லிசனர் கட்டாயம் வேணுமா?

நல்ல கேள்வி, பாதிப் பேருக்கு வேணவே வேணாம். விண்டோவத் தொற, ஒண்ணத் தேர்ந்தெடு, மூடு, அம்புட்டுதான்னா ஜேடயலாக் போட்டு மோடல்னு (மூடுற வரைக்கும் மத்த விண்டோவ பூட்டி வைக்கிற வகை) வச்சிருங்க. மோடல் டயலாக்ல செட்விசிபிள் ட்ரூ போட்ட வரிலயே உங்க கோடு நின்னுரும், டயலாக் மூடுனதுக்கு அப்புறந்தான் அடுத்த வரிக்குப் போகும். அடுத்த வரில டயலாக்கோட கெட்டர கூப்பிட்டு தேர்ந்தெடுத்தது என்னான்னு வாங்கிக்கங்க, ஒண்ணும் தேர்ந்தெடுக்கலன்னா நல் (ஒண்ணுமில்லன்னு அர்த்தம்) வரும். கோடு நின்னாலும் ஸ்க்ரீன் உறையாது, ஸ்விங் உள்ளுக்குள்ள ஈவன்ட்ட (க்ளிக், கீ அமுக்குறது மாதிரி சம்பவத்த) ஓட்டிக்கிட்டேதான் இருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் பாத்துக்கங்க. சாதா மோடல் போட்டா அப்ளிகேஷன்ல இருக்குற எல்லா விண்டோவையும் பூட்டிரும், ரெண்டு பில் தொறந்துருந்தா ரெண்டும் பூட்டு. ஜாவா 6ல இருந்து டாக்குமென்ட் மோடல்னு ஒரு வகை இருக்கு, அது ஓனரா எந்த ஃப்ரேம குடுத்தீங்களோ அந்தக் குடும்பத்த மட்டும் பூட்டும். ஓனர சரியாக் குடுக்கணும், நல்-னு குடுத்துட்டு ஏன் வேலை செய்யலன்னு என்னக் கேக்காதீங்க.

கேள்வி: சரி, லிசனர்னா என்ன? புரியுற மாதிரி சொல்லுங்க.

எங்க ஊர்ல விடியக்காலம் தோட்ட வேலைக்கு ஜீப்பு போகும், கம்பம்மெட்டு ஏறி கேரளா பக்கம் ஏலத் தோட்டத்துக்கு. ஜீப்பு டிரைவர்ட்ட ஒரு பேரு லிஸ்ட் இருக்கும், வண்டி கெளம்புறப்ப லிஸ்ட்ல இருக்குற ஒவ்வொருத்தர் வீட்டு முன்னாடியும் ஹாரன் அடிப்பாரு. ஹாரன் கேட்டு யாரு என்ன சோறு கட்டுறாங்க, எந்த வேலைக்கு வர்றாங்கன்னு அவருக்குத் தெரியாது, தேவையுமில்ல. வேலைக்கு வரணும்னா லிஸ்ட்ல பேரு குடுக்கணும், நின்னுட்டா பேர அடிக்கச் சொல்லணும். பேரு குடுக்குறதுதான் ஆட்லிசனர், அடிக்கிறது ரிமூவ்லிசனர், ஹாரன்தான் ஃபயர்.

ஆரம்பத்துல ஜாவால இப்படி இல்ல. 1996ல வந்த மொத ஜாவால ஈவன்ட் வேணும்னா கிளாஸையே எக்ஸ்டெண்ட் பண்ணி ஹேண்டில்ஈவன்ட்ட மாத்தி எழுதணும், உள்ள வரிசையா இஃப் போட்டு எந்தப் பட்டன்னு கண்டுபுடிக்கணும். 1997ல 1.1 வந்தப்பத்தான் இந்த லிசனர் முறை வந்துச்சு, அதுக்கு அப்புறம் வந்த ஸ்விங்கும் இதையேதான் புடிச்சுக்கிருச்சு. 2014ல ஜாவா 8ல லாம்டா (பேரில்லாத குட்டி மெத்தடு) வந்ததும் ஒரு லிசனர் எழுத ஒரு வரி போதும்னு ஆயிருச்சு.

கேள்வி: என் சொந்த ஈவன்ட்ட எப்படி எழுதுறது?

என்னோட பார்ட்டி விண்டோவையே எடுத்துக்குவோம். எல்லை ஊருங்கறதால இது எங்களுக்கு நிசமாவே தலவலி. ஜி.எஸ்.டி நம்பரோட மொத ரெண்டு எண்ணு மாநிலக் கோடு, தமிழ்நாடு 33, கேரளா 32. கடை தமிழ்நாட்டுல, வாங்குறவரும் 33ன்னா வரி ரெண்டாப் பிரியும், மத்திய அரசுக்கு சி.ஜி.எஸ்.டி 2.5 சதவீதம், மாநிலத்துக்கு எஸ்.ஜி.எஸ்.டி 2.5 சதவீதம். பார்ட்டி 32ன்னா மாநிலம் தாண்டுறதால ஐ.ஜி.எஸ்.டி 5 சதவீதம்னு ஒரே வரி. சரக்கு எங்க போய் எறங்குதுங்கறதையும் பாக்கணும், அது ஆடிட்டர் சோலி, இங்க விட்ருவோம். மொத்தத்துல பார்ட்டி விண்டோவுல பேரு மாறுன ஒடனே பில் விண்டோவுல வரி வரிசையே மாறணும்.

மொதல்ல ஒரு இன்டர்ஃபேஸ், அதுல ஒரே மெத்தடு, பார்ட்டி ஆப்ஜெக்ட்ட வாங்கிக்கிற மாதிரி. அதுக்குக் கூட சோம்பேறித்தனமா இருந்தா ஜாவால இருக்குற கன்ஸ்யூமரே போதும். பார்ட்டி விண்டோவுக்குள்ள அந்த லிசனர்கள வச்சுக்க ஒரு லிஸ்ட். சாதா அர்ரேலிஸ்ட் போட்டா ஹாரன் அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே எவனாவது பேர அடிக்கச் சொன்னா கன்கரன்ட்மாடிஃபிகேஷன் எக்ஸப்ஷன் வந்து விழுந்துரும், அதனால காப்பிஆன்ரைட் அர்ரேலிஸ்ட் போட்டுருங்க. அப்புறம் ஆட், ரிமூவ்னு ரெண்டு மெத்தடு, டேபிள்ல டபுள் க்ளிக் ஆனா லிஸ்ட்ட ஒரு சுத்து சுத்தி எல்லாரையும் கூப்பிடு. பில் விண்டோ பார்ட்டி விண்டோவ உண்டாக்குற எடத்துல தன்ன ஆட் பண்ணிக்கும்.

ஆனா உள்ளபடி சொன்னா நான் இப்ப அதையும் தாண்டி ஒரு படி போயிட்டேன். வரி கணக்கு பில் விண்டோவுல இருக்கவே கூடாது, பில்லுன்னு தனியா ஒரு கிளாஸ், அதுல விண்டோ, பட்டன் ஒண்ணுமே கெடையாது, பார்ட்டி, மூட்டைங்க, வரி மட்டுந்தான். பார்ட்டி விண்டோவுல தேர்ந்தெடுத்தா பில்லுக்குச் சொல்லும், பில்லு தன்ன மாத்திக்கிட்டு நான் மாறிட்டேன்னு ஹாரன் அடிக்கும், பில் விண்டோ அதக் கேட்டு வரைஞ்சுக்கும். விண்டோவும் விண்டோவும் பேசவே வேணாம், ரெண்டும் பில்லோட பேசுனாப் போதும். இத மாத்துன நாள்ல இருந்து என் போன் அடிக்கிறது கொறஞ்சு போச்சு. இதுக்கு ஜாவாலயே ப்ராப்பர்ட்டிசேஞ்ச் சப்போர்ட்னு ஒண்ணு ரெடியா இருக்கு, லிஸ்ட் வச்சுக்கிறது, கூப்பிடுறது எல்லாம் அதே பாத்துக்கும்.

கேள்வி: ப்ராப்பர்ட்டிசேஞ்ச் சில நேரம் வருது, சில நேரம் வரல. இது பக் தானா?

பக் இல்ல, அதோட கொணமே அதுதான், ஆனா இதுல நான் வாங்குன அடி மாதிரி எதுலயும் வாங்கல.

ஒரு கடைல ஏழு மூட்டை போட்டாங்க, பில்லுல ஆறு. கணக்குப் பாக்குற சேட்டன் நோட்டுலயும் எழுதி வச்சுருந்ததால புடிச்சுட்டாரு, இல்லாட்டி ஒரு மூட்டை ஏலக்காய் சும்மா போயிருக்கும், அது என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். மறுநாள் போட்டுப் பாத்தா சரியா வருது, அதுக்கு மறுநாளும் சரி. நாலாவது நாள் நானே தராசுப் பக்கத்துல உக்காந்தேன். 48.500னு ஒரு மூட்டை வந்துச்சு, எறக்குனாங்க, அடுத்த மூட்டையும் அதே 48.500. ஸ்க்ரீன்ல அந்த மூட்டைக்குப் புது வரி ஏறல. அப்பத்தான் மண்டைல ஒறைச்சுது.

ஃபயர்ப்ராப்பர்ட்டிசேஞ்சுக்கு பழைய மதிப்பு, புது மதிப்புன்னு ரெண்டு குடுக்குறோம்ல, ரெண்டும் ஒண்ணா இருந்தா அது ஹாரனே அடிக்காது, மாறலயே, எதுக்குச் சொல்லணும்னு விட்டுரும். நடுவுல தராசு சைபருக்குப் போகுதே, அது மாற்றந்தானன்னு நெனைப்பீங்க, அந்த சைபரையும் ஆடுற எடையையும் நான்தான் மொதல்லயே வடிகட்டி நின்ன எடைய மட்டும் அனுப்பிட்டு இருந்தேன். அதனால அதுக்குத் தெரிஞ்சது 48.500க்கு அப்புறம் 48.500.

பழைய மதிப்புக்கு நல்-னு குடுத்தா கட்டாயம் அடிக்கும், அவசரத்துக்கு அன்னைக்கு அப்படித்தான் ஓட்டுனேன். சரியான வழி என்னான்னா, எடைங்கறது மாறுற மதிப்பு, மூட்டை வந்துச்சுங்கறது நடந்த சம்பவம், ரெண்டும் வேற வேற. மதிப்புக்கு ப்ராப்பர்ட்டிசேஞ்ச், சம்பவத்துக்கு நம்ம சொந்த லிசனர். மூட்டைக்கு இப்ப தனி ஈவன்ட், வரிசை நம்பரோட வருது.

கேள்வி: தராசு, நெட்டு மாதிரி வெளிய இருந்து டேட்டா வந்தா விண்டோ கோணல்மாணலா வரையுது, சில நேரம் உறைஞ்சு போகுது. ஏன்?

த்ரெட்டு. ஸ்விங்ல ஸ்க்ரீனத் தொடுற உரிமை ஒரே ஒரு த்ரெட்டுக்குத்தான், ஈவன்ட் டிஸ்பாட்ச் த்ரெட்டுன்னு பேரு. பட்டன் அமுக்குனா உங்க கோடு அதுலதான் ஓடுது, அதனால அதுல பத்து நொடி வேலை வச்சா பத்து நொடி விண்டோ பொணம் மாதிரி கெடக்கும். தராசு டேட்டாவுக்கு நான் ஜேசீரியல்காம்ங்கற லைப்ரரி போடுறேன், அது டேட்டா வந்தா அதோட சொந்த த்ரெட்டுல கூப்பிடும், அங்க இருந்தே லேபிள்ல எடைய எழுதுனா நூறு தடவை ஒழுங்கா வரும், நூத்தி ஒண்ணாவது தடவை என்னமோ ஆகும். ஸ்விங்யுட்டிலிட்டீஸ்ல இருக்குற இன்வோக்லேட்டர்குள்ள போட்டு அனுப்புங்க, அந்த த்ரெட்டு வரிசைல எடுத்து செஞ்சுக்கும். நேரம் புடிக்கிற வேலையா இருந்தா ஸ்விங்வொர்க்கர், பின்னாடி ஓடிட்டு முடிஞ்சதும் டன்-னு ஒரு மெத்தடுல ஸ்க்ரீன் த்ரெட்டுலயே வந்து நிக்கும்.

இதுல ஒருத்தரு எங்கிட்ட சண்டையே போட்டாரு, ப்ராப்பர்ட்டிசேஞ்ச் சப்போர்ட் த்ரெட் சேஃப்னு போட்டுருக்கே, அப்புறம் என்னன்னு. சேஃப்தாங்க, லிஸ்ட்டுதான் சேஃப். ஹாரன அடிக்கிறது யாரோ அவன் த்ரெட்டுலதான் லிசனரும் ஓடும். ஸ்விங்ப்ராப்பர்ட்டிசேஞ்ச் சப்போர்ட்னு இன்னொண்ணு இருக்கு, கன்ஸ்ட்ரக்டர்ல ரெண்டாவதா ட்ரூ குடுத்தா அதுவே ஸ்க்ரீன் த்ரெட்டுக்கு மாத்தி அனுப்பிரும். எடை விண்டோவுக்கு இதான் வச்சுருக்கேன்.

கேள்வி: சின்ன விண்டோவ எக்ஸ் போட்டு மூடுனா மொத்த சாஃப்ட்வேரும் மூடிருது!

நெட்பீன்ஸ்ல (ஜாவா எழுதுற எடிட்டர்) இழுத்துப் போட்டு ஃப்ரேம் செஞ்சுருப்பீங்க, அது எல்லா ஃப்ரேமுக்கும் எக்ஸிட்ஆன்க்ளோஸ் வச்சு விட்டுருக்கும். சின்ன விண்டோவுக்கு டிஸ்போஸ்ஆன்க்ளோஸ்னு மாத்துங்க. ஒண்ணுமே வைக்கலன்னா மறைக்க மட்டுந்தான் செய்யும், ஆப்ஜெக்ட் உசுரோடதான் இருக்கும். கூடவே இதையும் தெரிஞ்சுக்கங்க, எக்ஸ் அமுக்குனா வர்றது விண்டோக்ளோசிங், டிஸ்போஸ் ஆனாத்தான் விண்டோக்ளோஸ்டு. மறைச்ச விண்டோவுக்கு ரெண்டாவது வரவே வராது.

கேள்வி: காலைல நல்லா ஓடுது, சாயங்காலம் ஆனா மெதுவாகுது. மத்தியானம் ஒரு தடவை மூடித் தொறக்கச் சொல்லிட்டேன், வேற வழி இருக்கா?

வேலைய விட்டு நின்னவன் வீட்டு முன்னாடியும் ஜீப்பு நின்னு ஹாரன் அடிச்சுக்கிட்டு இருக்கு, அதான். பார்ட்டி விண்டோவ ஒரு நாள்ல அறுபது தடவை தொறந்து மூடுறாங்கன்னு வைங்க, ஒவ்வொண்ணும் தொறக்கும்போது பில்லுல லிசனரா சேந்துக்கிச்சு, போகும்போது சொல்லிட்டுப் போகல. பில்லு லிஸ்ட்ல அறுபதும் இருக்கு, லிஸ்ட்ல இருக்குறதால கார்பேஜ் கலெக்டரும் (வேண்டாத ஆப்ஜெக்ட்ட மெமரில இருந்து தூக்குறது) தொடாது, ஒரு மூட்டை போட்டா கண்ணுக்குத் தெரியாத அறுபது விண்டோவும் வரைய ஓடும். விண்டோக்ளோஸ்டுல ரிமூவ் போடுங்க.

போட்டும் போகலன்னு சொல்றவங்க ஆட் பண்ற எடத்துல ரெண்டு கோலன் போட்டு மெத்தடு ரெஃபரன்ஸ் குடுத்துருப்பீங்க, ரிமூவ்லயும் அதையே திரும்ப எழுதிருப்பீங்க. எழுத்து ஒண்ணுதான், ஆனா ரெண்டு எடத்துலயும் பொறக்குறது வேற வேற ஆப்ஜெக்ட், ரிமூவ் தேடிப் பாத்துட்டு இப்படி ஆளு யாரும் இல்லயேன்னு சத்தமில்லாம திரும்பிரும், எர்ரரும் குடுக்காது. ஒரு வேரியபிள்ல புடிச்சு வச்சு, அந்த வேரியபிளையே ரெண்டு எடத்துலயும் குடுங்க.

கேள்வி: இது மாறுனா அது, அது மாறுனா இதுன்னு சுத்திக்கிட்டே இருக்கு.

எனக்கு கிலோ விலையும் மொத்தத் தொகையும். விலை போட்டா தொகை வரணும், சில பேரு ரவுண்டா தொகைய பேசிட்டு வருவாங்க, அப்ப தொகை போட்டா விலை வரணும். டெக்ஸ்ட்ஃபீல்டுல டாக்குமென்ட் லிசனர் போட்டா நாம கோடுல செட்டெக்ஸ்ட் பண்றதும் ஈவன்ட்டா வரும், அதான் சுத்துது. லிசனர்குள்ள இருந்து அதே ஃபீல்ட மாத்தப் போனா இல்லீகல்ஸ்டேட் எக்ஸப்ஷனே போட்டு நிறுத்திரும். ஆக்‌ஷன் லிசனர்னா ஆள் என்டர் தட்டுனாத்தான் வரும், செட்டெக்ஸ்ட்டுக்கு வராது, அதனால நான் அதையும் ஃபோக்கஸ் லிசனரையும் வச்சே சமாளிக்கிறேன். செக்பாக்ஸுக்கும் அதே கதை, கோடுல செட்செலக்டட் போட்டா ஐட்டம் லிசனர் அடிக்கும், ஆக்‌ஷன் லிசனர் அடிக்காது. காம்போபாக்ஸ் மட்டும் தனி ராஜாங்கம், நாம கோடுல மாத்துனாலும் ஆக்‌ஷன் அடிச்சுரும். பில்லுல மதிப்ப வச்சு ப்ராப்பர்ட்டிசேஞ்ச் போட்டீங்கன்னா, மூட்டைல என்னக் கவுத்துச்சே அதே கொணம் இங்க காப்பாத்தும், மதிப்பு மாறலன்னா ஹாரன் இல்ல, சுத்து நின்னுரும். பைசா ரவுண்ட் ஆகுற எடத்துல மட்டும் கவனம்.

கேள்வி: ஒரே டேபிள் ரெண்டு விண்டோவுல தெரியணும்.

ரெண்டு ஜேடேபிளுக்கும் ஒரே மாடல் ஆப்ஜெக்ட்டக் குடுங்க, தீந்துச்சு. சொந்தமா அப்ஸ்ட்ராக்ட் டேபிள்மாடல் எழுதிருந்தா வரி சேத்ததும் ஃபயர்டேபிள் ரோஸ் இன்செர்டட் கூப்பிட மறக்காதீங்க.

கேள்வி: அப்சர்வபிள் கிளாஸ், ஈவன்ட் பஸ் எல்லாம்?

மாற்றம் நடந்தா சொல்ற பழைய ஜாவா கிளாஸ்தான் அப்சர்வபிள், அத 2017ல ஜாவா 9லயே வேணாம்னு ஓரங்கட்டிட்டாங்க, பழைய பாடப் புஸ்தகத்துல இன்னும் இருக்கு, புதுசா எழுதாதீங்க. ஈவன்ட் பஸ்னா எல்லாச் சத்தமும் ஒரே பொது எடம் வழியா போறது, சுகமா இருக்கும், நானும் ஒரு வருஷம் ஓட்டுனேன், அப்புறம் ஒரு பக் வந்தப்ப இந்தச் சத்தத்த யாரு போட்டா, யாரு யாரு கேக்குறான்னு கோடுல தேடியே ரெண்டு நாள் போச்சு. கூகுளோட குவாவா லைப்ரரில இருக்குற ஈவன்ட் பஸ்ஸ அத எழுதுனவங்களே இப்ப வேணாம்னுதான் சொல்றாங்க. மூணு விண்டோவுக்கு எதுக்குங்க பஸ்ஸு, ஜீப்பு போதும்.

கேள்வி: ரெண்டு விண்டோவும் வேற வேற ப்ரோக்ராம்னா?

அப்ப ரெண்டும் தனித்தனி ஜே.வி.எம் (ஜாவா ப்ரோக்ராம ஓட்டுற இயந்திரம்), ரெஃபரன்ஸ், லிசனர் எதுவும் தாண்டாது. லோக்கல்ஹோஸ்ட்ல ஒரு சாக்கெட் தொறந்து வரி வரியா அனுப்புங்க, வாங்குற பக்கம் இன்வோக்லேட்டர்.

கேள்வி: கிளாஸ் பேரெல்லாம் தமிழ்ல வைக்கலாமா?

தாராளமா, ஜாவாக்கு யூனிகோட் பேரு ஆகும், புள்ளி, கொம்பு எல்லாம் ஏத்துக்கும். என் பில் கிளாஸ் பேரே சிட்டைதான். ஒண்ணு மட்டும், விண்டோஸ்ல பழைய ஜே.டி.கே (ஜாவா கம்பைலர் தொகுப்பு)ன்னா கம்பைல் பண்றப்ப என்கோடிங் யூ.டி.எஃப் 8னு சொல்லணும், 18ல இருந்து அதுவே எடுத்துக்கும். ஃபைல்ல எழுதுறப்பவும் அதே கதைதான், கேரளா பக்கம் வண்டன்மேட்டுப் பார்ட்டி ஒருத்தரு பேர மலையாளத்துல அடிச்சு வச்சுருந்தோம், பழைய மிஷின்ல எல்லாம் கேள்விக்குறியா பிரின்ட் ஆகி, சேட்டன் பேனாவ எடுத்து ஒவ்வொரு பில்லுலயும் பேர எழுதிக்கிட்டு இருந்தாரு.